அக்கம்பக்கத்தைக் காட்டும் தூசு

அமெரிக்க வானியலர் ஹால்டன் ஆர்ப் 1966-இல் விசித்திரமான விண்மீன் மண்டலங்களின் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். வால் முளைத்தவை, வளைந்து நெளிந்தவை, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று மொத்தம் 338 பதிவுகள். பாடநூலில் வரும் அழகான சுருளோ, உருண்டு திரண்ட நீள்வட்டமோ இல்லாத எல்லாம் அதில் இடம்பிடித்தன. அவற்றில் 220ஆம் எண் பார்வைக்கு அப்படியொன்றும் கவர்ச்சியானதில்லை. மங்கலான ஒரு திட்டு. குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதால் இரண்டு திட்டுகள்போலத் தோன்றும். அவ்வளவுதான்.

பதினேழு ஆண்டுகள் கழித்து அந்தத் திட்டின் மதிப்பு தலைகீழானது. 1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக்கோளை ஏவின. 57 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி, அதைக் குளிரவைக்கத் திரவ ஹீலியம், அகச்சிவப்பு ஒளியை நான்கு அலைநீளங்களில் உணரும் கருவி. ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் உழைத்து, வானத்தின் 96 சதவீதத்தை அது அளந்து முடித்தது. அந்த அளவீட்டில் ஆர்ப் 220 ஒரு லட்சம் கோடிச் சூரியன்களுக்கும் மேலான ஒளியை உமிழ்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது காட்டும் பிரகாசம் இதில் மிகச் சிறிய பங்கு. பால்வீதியைப் பல பத்து மடங்கு விஞ்சும் ஓர் ஒளிவெள்ளத்தை அந்தக் கறுப்புப் பட்டை மறைத்து வைத்திருந்தது.

மறைத்தது தூசு. மறைத்த வெளிச்சத்தை அகச்சிவப்பாக மாற்றி வெளியே அனுப்பியதும் அதே தூசுதான். ஒரு விண்மீன் மண்டலம் எப்படிப்பட்ட அக்கம்பக்கத்தில் வாழ்கிறது, அந்த அக்கம்பக்கம் அதற்கு என்ன செய்தது என்பதற்கு இந்தத் தூசைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. காரணம், தூசின் ஒளிர்வுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: தூசும், அதைச் சூடாக்கும் விண்மீன் ஒளியும். சுற்றுப்புறம் இந்த இரண்டின் மேலும் கை வைக்கும். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வைப்பதில்லை.

இந்தத் தூசு சிலிகேட், கார்பன் துகள்களால் ஆனது. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. இவற்றோடு வளையம் வளையமாகப் பிணைந்த ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. முதிர்ந்த விண்மீன்கள் கடைசிக் காலத்தில் வீசியெறியும் வாயுவிலும், சூப்பர்நோவா வெடிப்புகளின் மிச்சத்திலும் இவை உருவாகின்றன. 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவை ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி பிற்பாடு பார்த்தபோது, ஏறத்தாழ அரைச் சூரியன் நிறைக்குத் தூசு சேர்ந்திருந்தது. விண்மீன்களுக்கு இடையே தூசு இருக்கிறது என்பதை 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளின் தூரத்தையும் பிரகாசத்தையும் ஒப்பிட்டு நிறுவினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் வானியலருக்குத் தூசு என்றால் தொல்லை. பார்க்க வேண்டியதை மறைக்கும் திரை. ஐராஸுக்குப் பிறகுதான் திரையே படமானது.

பால்வீதி போன்ற மண்டலத்தில் தூசின் நிறை, வாயுவின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் இளம், வெப்பமான விண்மீன்கள் உமிழும் புற ஊதாவையும் நீல ஒளியையும் விழுங்குவதில் அதற்கு ஈடில்லை. விழுங்கிய ஆற்றலால் துகள்கள் 15 முதல் 30 கெல்வின்வரை சூடேறுகின்றன. 20 கெல்வின் என்பது பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ். நமக்கு அது உறைபனிக்கும் அப்பாற்பட்ட குளிர். விண்வெளியில் அது 100 முதல் 200 மைக்ரான் அலைநீளத்தில் ஒளி வீசப் போதுமான வெப்பம். பூமியின் காற்றில் உள்ள நீராவி இந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் ஐராஸ், ஐசோ, ஸ்பிட்சர், அகாரி, ஹெர்ஷல் என்று ஒன்றன்பின் ஒன்றாக விண்வெளிக்கே போக வேண்டியிருந்தது.

ஆர்ப் 220-க்குத் திரும்புவோம். ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில், சர்ப்பம் விண்மீன் குழுவின் திசையில் இருக்கும் இது ஒரு மண்டலமே இல்லை. இரண்டு சுருள் மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் காட்சி. இரண்டின் மையங்களும் இன்னும் தனித்தனியாக, ஏறத்தாழ 1,200 ஒளியாண்டு இடைவெளியில் இருக்கின்றன.

இப்படி மோதும்போது விண்மீன்கள் ஒன்றையொன்று முட்டுவது அநேகமாக நடப்பதேயில்லை. அவற்றுக்கு இடையிலான வெளி அவ்வளவு பெரிது. மாட்டிக்கொள்வது வாயு. அயல் மண்டலத்தின் ஈர்ப்பு, சுழன்றுகொண்டிருக்கும் வட்டை ஒரு பக்கமாக இழுத்து உருக்குலைக்கிறது. வாயு மேகங்கள் ஒன்றோடொன்று உரசித் தம் சுழற்சியை இழக்கின்றன. சுழற்சி போனால் வெளியே தாக்குப்பிடிக்க முடியாது. மையத்தை நோக்கிச் சரிய வேண்டியதுதான். வாயுவோடு கலந்திருக்கும் தூசும் கூடவே போகிறது. மையத்தில் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் கோடிக்கணக்கான சூரியன்களின் நிறை குவிந்து, விண்மீன்கள் பெருவேகத்தில் பிறக்கின்றன. பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சூரியன் நிறைக்குத்தான் விண்மீன்கள் உருவாகின்றன. ஆர்ப் 220-இல் அது நூறு, இருநூறு என்ற கணக்கில் போகிறது. அங்கே பிறக்கும் புற ஊதா ஒளியில் அநேகமாக எதுவும் வெளியே தப்புவதில்லை. தூசு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, சாதாரண மண்டலத்தின் தூசைவிடச் சூடாகி, குறைந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது. ஐராஸின் 60 மைக்ரான், 100 மைக்ரான் அளவீடுகளை ஒப்பிட்டாலே இந்தச் சூடு தெரிந்துவிடும்.

ஆர்ப் 220 தனிப்பட்ட விதிவிலக்காக இருந்திருந்தால் அது ஒரு வேடிக்கைத் தகவலாகவே முடிந்திருக்கும். 1988-இல் டேவிட் சாண்டர்ஸும் அவருடைய சகாக்களும், ஒரு லட்சம் கோடிச் சூரியன் பிரகாசத்தைத் தாண்டும் பத்து அகச்சிவப்பு மண்டலங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே மோதலின் நடுவில் இருந்தவை. நம்மைச் சுற்றியுள்ள பிரபஞ்சத்தில் இந்த உச்சப் பிரகாசத்தை எட்ட, பக்கத்தில் இன்னொரு மண்டலம் வந்து இடிக்க வேண்டியிருக்கிறது.

இடிக்கக்கூட வேண்டாம், உரசிப் போனாலே போதும் என்பதற்கு எம்82 சாட்சி. சப்தரிஷி விண்மீன் குழுவின் திசையில் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இந்தச் சிறிய மண்டலம், பெரிய அண்டைவீட்டுக்காரரான எம்81-க்கு மிக அருகில் ஒருமுறை வந்துபோயிருக்கிறது. ரேடியோ தொலைநோக்கிகளில் பார்த்தால் இரண்டையும் இணைக்கும் ஹைட்ரஜன் பாலம் இன்றும் தெரிகிறது. எம்82-இன் மையத்தில் அந்தச் சந்திப்பு மூட்டிய விண்மீன் பிறப்பு தணியவில்லை. 2006-இல் ஸ்பிட்சர் படங்களில் அதன் வட்டுக்கு வெளியே எல்லாத் திசைகளிலும், 20,000 ஒளியாண்டுவரை தூசு மூலக்கூறுகளின் ஒளிர்வு பரவியிருந்தது. தூசை ஒளிரவைத்த அதே விண்மீன்களின் சீற்றம், தூசையே வீட்டைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

காக்கை விண்மீன் குழுவின் திசையில் உள்ள ஆன்டெனா மண்டலங்களைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அறிவார்கள். பூச்சியின் உணர்கொம்புகள்போல நீண்ட இரு வால்களால் வந்த பெயர் அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இரு மையங்களும்தான் பிரகாசம். இரண்டும் மேவும் இடம் வெறும் இருட்டுப் பட்டை. ஐரோப்பாவின் ஐசோ செயற்கைக்கோள் அகச்சிவப்பில் பார்த்து 1998-இல் வெளிவந்த முடிவு இந்தப் படத்தைப் புரட்டிப் போட்டது. மிகக் கடுமையான விண்மீன் பிறப்பு அந்த இருட்டுப் பட்டைக்குள்தான் நடக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒரே ஒரு விண்மீன் கொத்து, 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி மொத்த அமைப்பும் வீசும் ஒளியில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தருகிறது. ஆன்டெனாவை வெறும் கண்ணொளிப் படத்தால் எடைபோட்டவர்கள் அதன் முக்கியமான பகுதியையே தவறவிட்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னவற்றை வைத்து, அண்டை அயலார் அதிகம் இருந்தால் அகச்சிவப்பு ஒளிர்வும் அதிகம் என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படியானால் ஆயிரக்கணக்கான மண்டலங்கள் நெருக்கியடித்து வாழும் பெருங்கொத்துகள்தான் வானிலேயே அதிகம் ஒளிர வேண்டும். நடப்பது நேர்மாறு.

கன்னி விண்மீன் குழுவின் திசையில் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது கன்னிக் கொத்து. நமக்கு மிக அருகிலுள்ள பெருங்கொத்து அதுதான். 1781-இலேயே சார்ல்ஸ் மெஸ்ஸியே, வானத்தின் அந்தப் பக்கத்தில் மங்கல் திட்டுகள் மிகுதியாகக் கூடியிருப்பதைக் குறித்து வைத்தார். இன்று கணக்கிடப்படும் உறுப்பினர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1980-இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து ஓர் ஒழுங்கைக் காட்டினார்: நெரிசல் கூடக் கூடச் சுருள் மண்டலங்கள் குறைகின்றன, விண்மீன் பிறப்பு ஓய்ந்த நீள்வட்ட, வில்லை வடிவ மண்டலங்கள் பெருகுகின்றன. தூசின் ஒளிர்வும் அதே வழியில் மங்குகிறது.

ஏன்? முதல் காரணம் வேகம். கொத்துக்குள் மண்டலங்கள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் விரைகின்றன. அந்த வேகத்தில் இரண்டு மண்டலங்கள் சந்தித்தாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நேரமில்லை, கடந்து போய்விடும். ஆர்ப் 220 போன்ற நிதானமான இணைப்புக்குச் சிறு குழுக்களே ஏற்ற இடம். இரண்டாவது காரணம் இன்னும் வலியது. கொத்தில் மண்டலங்களுக்கு இடையே இருப்பது வெற்றிடமில்லை. பல கோடி டிகிரி வெப்பமுள்ள, மிக மெல்லிய வாயு அங்கே நிரம்பிக் கிடக்கிறது. அது எக்ஸ் கதிர்களில் ஒளிரும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி படம்பிடித்துத் தந்த கொத்துகளில் எல்லாம் இந்த வாயுவைப் பார்க்கலாம்.

ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த வாயுவுக்குள் ஒரு சுருள் மண்டலம் பாய்ந்தால், அதன் முகத்தில் ஓர் அழுத்தம் மோதும். வாயுவின் அடர்த்தி இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தம், மண்டலம் தன் வாயுவை ஈர்ப்பால் பிடித்துவைத்திருக்கும் பிடியை மீறினால் வாயு உரிந்து பின்னால் போய்விடும். களத்தில் நெல் தூற்றும்போது கனத்த மணி நேரே கீழே விழ, பதர் காற்றோடு ஒதுங்குவதைப்போல, விண்மீன்கள் தம் பாதையிலேயே போக, வாயு மட்டும் பிரிந்துவிடுகிறது.

தூசு எந்தப் பக்கம்? விண்மீன்களோடு நிற்குமா, வாயுவோடு போகுமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஹெர்ஷல் வர வேண்டியிருந்தது. 2009 மே 14-இல் ஏவப்பட்ட அதன் கண்ணாடி 3.5 மீட்டர், குளிர்ந்த தூசு அதிகம் ஒளிரும் 55 மைக்ரான் முதல் 670 மைக்ரான்வரை பார்க்கக்கூடியது. கார்டிஃபின் ஜொனாதன் டேவிஸ் தலைமையில் கன்னிக் கொத்தை அலசும் திட்டம் ஒன்று நடந்தது. கூடவே, 5 முதல் 8 கோடி ஒளியாண்டு தூரத்துக்குள் இருக்கும் 320-க்கும் மேற்பட்ட மண்டலங்களை அளக்கும் ஹெர்ஷல் ஒப்பீட்டு ஆய்வும் நடந்தது. பின்னதை வடிவமைத்தவர்களின் கவனம் பாராட்டத்தக்கது. நெரிசலான இடத்தில் கனத்த மண்டலங்கள் அதிகம்; கனத்தவை இயல்பிலேயே சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆகவே கொத்தின் மங்கலுக்குச் சுற்றுப்புறமா, உடம்பின் கனமா காரணம் என்று பிரிக்க முடியாமல் குழப்பம் வரும். கன்னிக் கொத்தில் இருப்பவை, வெளியே தனித்து இருப்பவை இரண்டையும் ஒரே தெரிவில் எடுத்து, ஒத்த நிறையுள்ளவற்றை ஒத்த நிறையுள்ளவற்றோடு ஒப்பிட்டதால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

லூக்கா கோர்டேசே குழு 2010-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஹைட்ரஜன் வாயுவை இழந்த கன்னிக் கொத்து மண்டலங்களில் தூசு வட்டும் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. விண்மீன் வட்டு அப்படியே விரிந்து கிடக்க, தூசின் ஒளிர்வு மட்டும் பாதி வழியில் நின்றுபோகிறது. தூசு வாயுவோடுதான் போகிறது.

ஆனால் முழுவதும் போவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு கூடுதல் மண்டலங்களை வைத்துப் பார்த்தபோது, ஹைட்ரஜன் குறைந்த அளவுக்குத் தூசு குறையவில்லை. காரணம் அவை இருக்கும் இடம். அணு ஹைட்ரஜன் வட்டு, விண்மீன் வட்டையும் தாண்டி வெகுதூரம் பரந்திருக்கும். அங்கே ஈர்ப்பின் பிடி தளர்வு. தூசின் பெரும்பகுதியோ உள்ளே, அடர்ந்த மூலக்கூறு மேகங்களோடு ஒட்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து உரிக்கும் அழுத்தம் முதலில் ஹைட்ரஜனை அள்ளுகிறது. உள்ளே வரவரத்தான் தூசின் முறை வருகிறது. எவ்வளவு தூசு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து, உரிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த உரிப்பைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் என்ஜிசி 4402-இன் ஹப்பிள் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கன்னிக் கொத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கும் இந்தச் சுருள் மண்டலம் நமக்குப் பக்கவாட்டில் தெரிகிறது. வழக்கமாக இப்படித் தெரியும் மண்டலத்தில் தூசு, கோடு போட்டதுபோல நேர்ப்பட்டையாக நடுவில் ஓடும். இங்கே பட்டை வில்லாக வளைந்திருக்கிறது. படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும் அழுத்தம் அதை மேலே நெட்டித் தள்ளியிருக்கிறது. தூசு துடைத்தெடுக்கப்பட்ட விளிம்பில் விண்மீன்களின் நீலச் சாயல் தடையில்லாமல் தெரிகிறது. அந்த விளிம்பில் சில தூசு இழைகள் மட்டும் ஏறத்தாழ 3,000 ஒளியாண்டு நீளத்துக்கு, ஒரே திசையில் தூண்களாக நிற்கின்றன. சுற்றியுள்ள மெல்லிய வாயு போய்விட்டது. அடர்த்தி மிகுந்த மேகங்கள் மட்டும் தாக்குப்பிடித்து, முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. ஒரு தூணின் தலையில் புதிய விண்மீன்கள் பிறந்து ஒளிர்வதும் தெரிகிறது.

இதேபோன்ற இன்னொரு மண்டலம் 32 கோடி ஒளியாண்டு தொலைவில், கோமா கொத்தில் இருக்கும் என்ஜிசி 4921. 1976-இல் சிட்னி வான்டென்பெர்க், கொத்துகளில் உள்ள வெளிறிய சுருள் மண்டலங்களுக்கு ‘இரத்தசோகைச் சுருள்கள்’ என்று பெயர் வைத்தார். அவற்றுக்கு எடுத்துக்காட்டு இதுதான். 2015-இல் ஜெஃப்ரி கென்னியும் சகாக்களும் ஹப்பிள் படங்களில் இதை நுணுகிப் பார்த்தார்கள். மண்டலம் பாயும் திசையில், முன்விளிம்பு நெடுகத் தூசு ஒரு சுவராகக் குவிந்திருந்தது. அந்தச் சுவரிலிருந்து பின்தங்கி நிற்கும் இழைகள் ஏதோ ஒன்றால் கட்டப்பட்டவைபோல இருந்ததால், காந்தப்புலம் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

உரிக்கப்பட்ட தூசின் கதி என்ன? அதைச் சூழ்வது கோடி டிகிரி வாயு. அதன் அயனிகள் துகள்களை ஓயாமல் மோதி, அணு அணுவாகப் பெயர்த்தெடுக்கின்றன. கொத்தின் வாயு அடர்த்தியில், 0.1 மைக்ரான் துகள் ஒன்று சுமார் பத்துக் கோடி ஆண்டு தாங்கும்; உள்ளே அடர்ந்த பகுதியில் அதற்கும் குறைவு. வானியல் கணக்கில் இது கண்ணிமைக்கும் நேரம். ஆகவே மண்டலங்களுக்கு வெளியே எங்காவது தூசு ஒளிர்ந்தால் அது அண்மையில்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கன்னிக் கொத்தின் எம்86 அப்படிப்பட்ட இடம். அந்த முதிய நீள்வட்ட மண்டலத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு தள்ளி, ஹெர்ஷல் குளிர்ந்த தூசைக் கண்டது. என்ஜிசி 4438 என்ற அண்டை மண்டலத்திலிருந்து நீளும் வாயு இழைகள் அந்த இடத்தைத் தொடுகின்றன. யாருடைய தூசு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த ஒளிர்வே தடயம்.

உரிப்பு வேகமான வழி. மெதுவான வழியும் உண்டு. ரிச்சர்ட் லார்சன், பியட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்டுவெல் மூவரும் 1980-இல் சொன்னது இது: ஒரு மண்டலத்தைச் சுற்றிப் பரந்திருக்கும் வாயு உறை அதன் வருங்காலச் சேமிப்பு. கொத்துக்குள் வந்ததும் அந்தச் சேமிப்பு முதலில் பறிபோகிறது. வட்டில் இருப்பு இருக்கும்வரை விண்மீன்கள் பிறக்கும். புது வரவு இல்லாததால் பிறப்பு படிப்படியாகக் குறையும். தூசைச் சூடாக்கும் இளம் விண்மீன்கள் குறைகின்றன. தூசும் விண்மீன்களுக்குள் அடைபட்டும் சூப்பர்நோவா அதிர்வுகளில் சிதைந்தும் குறைகிறது. ஸ்பிட்சரையும் ஹெர்ஷலையும் கொண்டு 30 பெருங்கொத்துகளை ஆராய்ந்த குழு ஒன்று, கொத்துக்குள் வந்தபிறகும் மண்டலங்கள் வெகுகாலம் தூசொளி வீசியபடியே மெல்ல மங்குவதைக் கண்டது. என்ஜிசி 4402 போன்ற கண்கவர் காட்சிகள் நம் கவனத்தை ஈர்த்தாலும், பெரும்பாலான மண்டலங்களுக்கு இந்த மெல்லிய பட்டினியே பெரிய காரணமாக இருக்கும் என்று கருத இடமிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. தூசொளியை அப்படியே விண்மீன் பிறப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது ஆபத்து. வயதான விண்மீன்களின் மஞ்சள், சிவப்பு ஒளியும் தூசைக் கொஞ்சம் சூடாக்கும். விண்மீன் பிறப்பு ஓய்ந்த மண்டலத்திலும் 200 மைக்ரானுக்கு மேல் மங்கலான ஒளிர்வு இருக்கும். அதை வைத்துப் புது விண்மீன்களைக் கணக்கிட்டால் இல்லாத குழந்தைகளை எண்ணியதாகிவிடும். பல அலைநீளங்களில் அளந்து தூசின் வெப்பநிலையைப் பிரித்தறிந்தால்தான் எந்த ஒளி எதனால் வந்தது என்று சொல்ல முடியும்.

தனிமைக்கும் பெருங்கொத்துக்கும் நடுவில் இருப்பவை சிறு குழுக்கள். 1877-இல் மார்சேயில் எதுவார் ஸ்தெஃபான் கண்டுபிடித்த ஐவர் குழு இவற்றில் புகழ்பெற்றது. 2022 ஜூலை 12-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக அது மறுபடி உலகைச் சுற்றியது. ஐந்தில் ஒன்று நமக்கு அருகில் தற்செயலாக அதே திசையில் நிற்பது. மற்ற நான்கும் ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டு தூரத்தில் உண்மையாகவே ஒன்றாக இருப்பவை. அவற்றில் ஒன்றான என்ஜிசி 7318பி, குழுவுக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அங்கே சிதறிக்கிடந்த வாயுவில் மோதி, லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ஓர் அதிர்ச்சி அலையை எழுப்பியிருக்கிறது. 2006-இல் பிலிப் ஆப்பிள்டன் குழு ஸ்பிட்சரில் அந்த அலையின் நிறமாலையை எடுத்தபோது, எதிர்பார்த்த தூசு மூலக்கூறுகளின் ஒளி மிகவும் சன்னமாக இருந்தது. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் மூலக்கூறின் கோடுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. மோதலின் ஆற்றல் விண்மீன்களாகித் தூசு வழியே வெளியேறாமல், வாயுவைச் சூடாக்கி நேரடியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அகச்சிவப்பு என்றாலே தூசு என்ற பழக்கத்தை உடைத்த கண்டுபிடிப்பு இது.

சிறு குழுக்களில் இன்னொரு புதிரும் உண்டு. பால் ஹிக்சன் 1982-இல் நெருக்கமான நூறு குழுக்களைப் பட்டியலிட்டார். அவற்றில் சிலவற்றின் மண்டலங்களை ஸ்பிட்சரின் அகச்சிவப்பு நிறங்களை வைத்து வரைபடத்தில் குறித்தபோது நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்தது. ஒரு பக்கம் தூசொளி நிறைந்தவை, மறுபக்கம் வெறும் விண்மீன் ஒளி மட்டும் உள்ளவை. இடைநிலையில் இருப்பவை மிகச் சொற்பம். இடைநிலையில் யாரையும் காணோம் என்றால், அந்தக் கட்டத்தை மண்டலங்கள் விரைந்து கடக்கின்றன என்று பொருள். இதை ஒத்த வெற்றிடம் கோமா கொத்தின் வாசலில், புதிதாக உள்ளே விழும் மண்டலங்களிடமும் தென்பட்டது. பெருங்கொத்து தன் வேலையைத் தொடங்கும் முன்பே, வழியில் இருக்கும் சிறு குழுக்கள் பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

காலத்தில் பின்னோக்கிப் போனால் கதை மாறுகிறது. 1978-இல் ஹார்வி புச்சர், அகஸ்டஸ் ஓம்லர் இருவரும் தொலைவான, அதாவது பழைய காலத்துக் கொத்துகளில் நீல நிற மண்டலங்கள் அதிகம் என்று காட்டினார்கள். அதே போக்கு தூசிலும் உண்டா என்று அமேலி சேன்டாஞ்ச் குழு 2008-இல் ஸ்பிட்சரைக் கொண்டு எட்டுக் கொத்துகளில் பார்த்தது. நமக்கு அருகிலுள்ள கொத்தில் 3 சதவீத மண்டலங்களே தூசு மூடிய விண்மீன் பிறப்பைக் காட்டின. ஏறத்தாழ 700 கோடி ஆண்டுக்கு முந்தைய கொத்தில் அது 13 சதவீதம். இன்னும் முன்னால் போனால் நெரிசலே விண்மீன் பிறப்பைத் தூண்டியிருக்கலாம் என்று டேவிட் எல்பாஸ் குழு 2007-இல் சொன்னது. அது எவ்வளவு பொதுவானது என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை.

ஆனால் இரண்டு இடங்களைப் பார்த்தால், நெரிசல் தூண்டியது என்ற பக்கமே சாயத் தோன்றுகிறது. ஒன்று, ஆயிரம் கோடி ஆண்டுக்கும் முந்தைய சிலந்திவலை மண்டலத்தின் சுற்றுப்புறம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஏபெக்ஸ் தொலைநோக்கி, பெருங்கொத்தாகத் திரண்டுகொண்டிருக்கும் அந்த இடத்தில் தூசொளி மண்டலங்கள் வானத்தின் மற்ற பகுதிகளைவிட நான்கு மடங்குவரை அடர்ந்திருப்பதை 2014-இல் கண்டது. மற்றொன்று எஸ்பிடி2349-56. தென்துருவத் தொலைநோக்கிக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்த அதை ஆல்மா தொலைநோக்கி வரிசை பிரித்துப் பார்த்தது. நான்கு லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் பதினான்கு மண்டலங்கள்! சில, பால்வீதியைவிட ஆயிரம் மடங்குவரை வேகமாக விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. 1,240 கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி அது. 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இன்றைய கொத்துகளின் மையத்தில் தூசில்லாமல் ஓய்ந்து கிடக்கும் ராட்சத மண்டலங்களின் இளமைக் காலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அப்போது வாயு தாராளமாக வந்துகொண்டிருந்தது; உரிப்பதற்கான கோடி டிகிரி வாயுக் கடல் இன்னும் முழுதாகத் திரளவில்லை. அதே நெரிசல், பிரபஞ்சத்தின் ஒரு வயதில் தூசை மூட்டியது. இன்னொரு வயதில் அணைக்கிறது.

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கும் உண்டு. இத்தாலியின் பதுவா வானாய்வகத்தைச் சேர்ந்த பியாங்கா பொக்கியாந்தி தலைமையில் நடக்கும் ‘காஸ்ப்’ திட்டம், வாயு உரியப்பெற்று வால்நீண்ட ஜெல்லிமீன் மண்டலங்களைத் தேடி ஆராய்கிறது. அவற்றில் ஒன்றான ஜேஓ201-ஐ, 2015-இல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி படம்பிடித்தது. உரிந்துபோன வாலிலேயே புதிய விண்மீன்கள் பிறந்திருப்பதை அந்தப் படங்கள் காட்டின. தூசிடமிருந்து தப்பிவந்த ஒளியைப் புற ஊதா காட்டும்; தூசிடம் மாட்டிய ஒளியை அகச்சிவப்பு காட்டும். இரண்டையும் கூட்டினால்தான் கணக்கு நேராகும்.

அந்தக் கூட்டலில் இன்று ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. ஹெர்ஷலின் ஹீலியம் 2013 ஏப்ரல் 29-இல் தீர்ந்தது. ஸ்பிட்சர் 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றது. ஜேம்ஸ் வெப் எவ்வளவு கூர்மையானது என்றாலும் அதன் பார்வை 28 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. ஆல்மா தரையில் இருப்பதால் அருகிலுள்ள மண்டலங்களின் தூசு உச்சமாக ஒளிரும் 100 மைக்ரான் பகுதி அதற்கு எட்டாது. இடைவெளியை நிரப்ப ஐரோப்பாவும் ஜப்பானும் திட்டமிட்ட ஸ்பிக்கா தொலைநோக்கி 2020-இல் கைவிடப்பட்டது. நாசா 2024-இல் மேற்கொண்டு ஆராயத் தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் ஒன்று, பிரிமா என்ற குளிர்விக்கப்பட்ட தொலை-அகச்சிவப்புத் தொலைநோக்கி. இறுதித் தெரிவில் அது வென்றால் 2032-இல் ஏவப்படும்.